சித்திரை ஒன்று, பழைய சாலை

பத்தொன்பது வருடம் இந்தப் பலகையைத் தாண்டிப் போயிருக்கிறேன்,
ஒரு தடவையும் திரும்பியதில்லை.
முப்பது டன் சர்க்கரை முதுகில் இருக்கும்போது
அழகு பார்க்க யாருக்குக் கழுத்து வளையும்?
டர்பனில் ஏற்று, ஜோகன்னஸ்பர்க்கில் இறக்கு.
மலை என்றால் எனக்கு மூன்றாவது கியர்,
பிரேக் சூடாகும் வாசனை.
பருவங்கள் இரண்டே இரண்டு:
கண்ணாடி ஏற்றிய மாதம், கண்ணாடி இறக்கிய மாதம்.

இன்று லாரி ஷெட்டில் தூங்குகிறது.
கோகியின் தங்கையிடம் கடன் வாங்கிய
சின்ன வெள்ளைக் கார்,
முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறது.
ஹோவிக் வந்ததும் இண்டிகேட்டர் போட்டேன்.
"எங்கே போறோம்?"
"எங்கேயும் இல்ல."
அவள் பார்த்த பார்வையில்
கொஞ்சம் பயம் இருந்தது.

பிறகு மரங்கள்.
இரண்டு பக்கமும், தலைக்கு மேலே கை கோத்துக்கொண்டு.
துருப்பிடித்த மாதிரி இருக்கு என்றேன்,
என் வாய்க்கு வேறு உவமை தெரியாது.
"துருவா! வெங்காயத் தோல் அது,
வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்ச வெங்காயத் தோல்."
லிட்ஜெட்டன் தாண்டி ஒரு பாப்ளர் வரிசை
ஒரே மஞ்சளாக நின்றபோது
இரண்டு பேருக்கும் ஒன்றும் சொல்ல வரவில்லை.
நான் நாற்பதில் ஓட்டினேன்.
பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத் தாண்டினான்,
அவனிடம் லோடு இருந்திருக்கும்.

ஓரமெல்லாம் காஸ்மோஸ் பூ, ரோஜா நிறத்தில், வெள்ளையில்,
யாரும் நடாமல், யாரிடமும் கேட்காமல்.
காய்ந்த சோளத்தட்டை நடுவே
மாடுகள் நீள நிழலை மேய்ந்தன.
வெயில் இருந்தது, ஆனால்
கைமேல் உட்காரவில்லை.

கோவிலில் கொடுத்த காலண்டரில்
இன்று இளவேனில் தொடக்கம்.
மாம்பூவும் குயிலும் படம் போட்டிருக்கிறான்.
காலையில் கார்க் கண்ணாடியில் படிந்த மூச்சைத் துடைத்துவிட்டுத்தான்
கிளம்பினோம்.
"அந்த ஓக் மரமும் கப்பல்லதான் வந்தது" என்றேன்.
"முதல் வருஷம் தடுமாறி
சித்திரையில துளிர் விட்டிருக்கும்,
பனி கருக்கியிருக்கும்.
அப்புறம் கத்துக்கிச்சு.
நாமதான் நூத்தறுபது வருஷமா
அந்த ஊர் வெயிலுக்கு நாள் பாக்கறோம்."
பெரிய கண்டுபிடிப்பு போல அவளைத் திரும்பிப் பார்த்தேன்.
"மரத்துக்கு விளக்கேத்தற வேலை இல்ல.
ரோட்டைப் பாரு."

பால்கோவன் பக்கம் ஒரு வேலியோரம்
"நிறுத்து நிறுத்து" என்றாள்.
மலைவேம்பு.
இந்த நாட்டில் வேம்புக்குப் பதில் நமக்கு அதுதானே.
சாயங்காலத் தட்டுக்கு ஒரு கொழுந்து வேண்டும்.
இறங்கிப் போனாள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு,
முழங்கால் வலிக்கிறவள்.
கொழுந்து எங்கே இருக்கும் இந்த மாதத்தில்?
ஒரு கிளையைத் தொட்டதும்
அத்தனை இலையும் பொலபொலவென்று
அவள் தலையில், தோளில், ரவிக்கைக் கழுத்துக்குள்.
காம்பு மட்டும் கையில்.
திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.
சிரித்தாள்.
அந்தச் சிரிப்பு வேறு எந்த ரோட்டிலும் நான் கேட்டதில்லை.
திரும்பவும் கிளையை ஆட்டினாள், வேண்டுமென்றே.

ஃபிளாஸ்கில் டீ, டப்பாவில் பீன்ஸ் கறியும் ரொட்டியும்.
பானெட்டின் சூட்டில் சாய்ந்து தின்றோம்.
தூரத்தில் நெடுஞ்சாலை
ஈ மொய்க்கிற மாதிரி சத்தம் போட்டது.
அதில் தினமும் ஒரு ஈ நான் என்று
சொல்ல நினைத்து ரொட்டியைக் கடித்தேன்.

சாயங்காலம் விளக்கடியில் மஞ்சள் இலைகளையே வைத்தாள்.
"சாமி கோவிச்சுக்காதா?"
"பச்சையா இருந்தப்ப மட்டும் என்ன கேட்டுது?"

நாளை விடியற்காலை மூன்று மணிக்கு லோடு.
அந்தப் பலகை இருட்டில் வரும்,
ஹெட்லைட்டில் ஒரு நொடி வெள்ளையாகி.
முப்பது டன்னோடு
கை தானாக இண்டிகேட்டருக்குப் போகாமல்
பார்த்துக்கொள்ள வேண்டும்.